மூன்றாம் குழிக்கு வலப்பக்கம்

ஹெப்ரிடீஸின் மேற்கு ஓரம், எங்கள் தீவில்
ஒன்பது குழிகள்தான்.
பத்தாவது தோண்டினால் கடல் வந்துவிடும்.
மைதானத்துக்குக் காவலாள் இல்லை. வாசலில் ஒரு தகரப்பெட்டி:
காசைப் போடு,
ஆடுகளை விலக்கிவிட்டு ஆடு.

திங்கள் முதல் வெள்ளி வரை
பள்ளிப் பேருந்துக்கு நான் டிரைவர்.
ஒற்றைத் தடச் சாலை, ஒருபுறம் ஏரி, மறுபுறம் சதுப்பு.
பதினாறு வருடத்தில் ஒரு சக்கரம்கூடப் புல்லில் இறங்கியதில்லை.
சனிக்கிழமை மட்டும்
மட்டைக்கு அந்தப் பெயர்.
மூன்றாம் குழியின் டீ மேட்டில் நின்று வீசுவேன்.
பந்து கொடியைப் பார்த்துத்தான் கிளம்பும்,
பாதி வழியில் யாரோ கூப்பிட்டதுபோல் வலப்பக்கம் திரும்பி
டோர்மொட் மக்காஸ்கில்லின்
உருளைக்கிழங்குப் பாத்தியில் இறங்கிவிடும்.

வேலிக்கு அப்பால் நின்று தொப்பியைத் தொடுவான்.
ஒரு தடவைகூடத் திட்டியதில்லை.
நல்ல மனுஷன் என்று நினைத்திருந்தேன்.

முதலில் காற்றைக் குற்றம் சொன்னேன்.
இங்கே அது சுலபம், எப்போதும் அருகிலேயே இருக்கும்.
பிறகு மட்டையை, இடுப்பை,
இரண்டு பிரசவங்களை.

ஜனவரியில், கப்பல் வராத ஒரு வாரம்,
மாட்டுக் கொட்டகையில் பழைய மீன்வலையைத் தொங்கவிட்டு
தினம் நாற்பது பந்து அடித்தேன்.
மட்டையின் முகத்தில் சுண்ணாம்புத் தூள் பூசினேன்.
நடுவில் ஒரு தடம்கூட விழவில்லை,
எல்லாம் குதிப்பக்கம்.
நான் அடிக்கவே இல்லை, எதையோ விரட்டிக்கொண்டிருந்தேன்.
வாரம் முழுக்க இருபது மைல் வேகத்தில் பூட்டிவைத்த கால்
சனிக்கிழமை தோளில் வந்து ஏறிக்கொள்கிறது.
தனியாக நின்று சிரித்தேன்.
பசு திரும்பிப் பார்த்தது.

பிடியை ஓர் அங்குலம் கீழே இறக்கினேன்.
பின்னே இழுப்பதைத் தோளோடு நிறுத்தினேன்.
கொடியை மறந்துவிட்டு
பந்துக்கு ஒரு முழம் முன்னால்
எதையாவது பார்த்துக்கொண்டேன்,
உடைந்த சிப்பி, ஒரு டெய்சிப் பூ, ஆட்டுப் புழுக்கை.
இதன் மேலே போ, மிச்சம் உன் பாடு.
எதிரே லாரி வந்தால் நான் லாரியையா பார்க்கிறேன்?
என் சக்கரம் போகவேண்டிய ஓரத்தைத்தான்.
இந்தச் சங்கதி
வலது கைக்குத் தெரிந்ததுதான்,
அந்தக் கை யாரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரலில் ஏழு பந்து, ஏழும் நேர்.
மே மாதம் சலிப்பூட்டும் அளவுக்கு நேர்.
டோர்மொட் தொப்பியைத் தொடவில்லை.
"ஓய்ரிக், கைவலியா?" என்றான்.

அவன் வாசலில் ஒரு பலகைத் தட்டு உண்டு.
முட்டை, அதன் பக்கத்தில் ஐஸ்கிரீம் டப்பா நிறையப் பந்துகள்:
மூன்று ஒரு பவுண்ட், காசை ஜாடியில் போடவும்.
வருடக்கணக்காக அங்கேதான் வாங்குகிறேன்.
ஜூனில் டப்பாவின் அடியில் ஒரே ஒரு பந்து.
முதல் தடவையாகப் புரட்டிப் பார்த்தேன்.
என் அடையாளத்துக்கு நான் வைக்கும் நகப்பூச்சுப் பொட்டு.
தேய்த்துக் கழுவியிருக்கிறான்,
சிவப்பு போய் இளஞ்சிவப்பு மிச்சம்.

கணக்குப் பார்க்கவேண்டாம் என்று தீர்மானித்தேன்.
மறுநாள் பேருந்தில் பார்த்துவிட்டேன்.
சொல்லமாட்டேன்.

பந்து தேடி யாரும் மிதிக்காததால்
இந்த வருடம் கிழங்கு அமோகம்.
ஆகஸ்டில் பலகைத் தட்டில் காகிதப் பைகள்,
பை ஒன்று இரண்டு பவுண்ட்.
ஒரு வார்த்தை பேசாமல் ஒன்று வாங்கி வந்தேன்.
குழாயடியில் கழுவும்போது
ஒரு கிழங்கின் மண் மட்டும் சட்டென்று வழுக்கிக்கொண்டு போனது.
வெள்ளை. குழிகுழியாய்.
பொட்டு அப்படியே, நல்ல சிவப்பில்.

அதையும் சேர்த்துத்தான்
எடை போட்டிருக்கிறான்.